கார்லைல், 1912 – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென நடத்தப்பட்ட உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் உடற்கல்வி ஆசிரியர். அவற்றுள் ஒன்றான கார்லைல் பள்ளியில் படித்து ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜிம் தோர்ப்பின் கதையை ஆண்டுதோறும் என் மாணவர்களுக்குச் சொல்லி வருபவன். அந்தப் பள்ளியைத் தாங்கள் முற்றாக நிராகரித்திருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அந்தப் பள்ளி இல்லாமல் தோர்ப் ஏது? 1912-இல் அமெரிக்க ராணுவக் கல்லூரியையே வென்ற ஃபுட்பால் அணியை உருவாக்கியது அதுதானே? கெட்டதை எடைபோடும்போது இந்த நல்லதையும் தட்டில் வைக்க வேண்டாமா? இல்லை, இந்தக் கதையை நான் சொல்வதே தவறா?

செ. வே.

அன்புள்ள செ. வே. அவர்களுக்கு,

தங்கள் கேள்வி நேர்மையானது. அந்த அணியின் மீது எனக்கும் தீராத பிரியம் உண்டு என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் பள்ளி. 1879-இல் பென்சில்வேனியாவில், ஒரு பழைய ராணுவக் குடியிருப்பில் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி அதைத் தொடங்கினார். உள்ளிருக்கும் இந்தியனைக் (பூர்வகுடியினரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) கொன்று மனிதனைக் காப்பாற்று என்பது அவரே வெளிப்படையாக மேடையில் சொன்ன கொள்கை. வந்து இறங்கியதும் முடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசத் தடை விதித்தார்கள், அரைநாள் படிப்பும் அரைநாள் உடலுழைப்புமாக வளர்த்தார்கள். முதல் ஆண்டில் சேர்ந்த லூதர் ஸ்டாண்டிங் பேர் என்ற மாணவர், கரும்பலகையில் எழுதப்பட்டிருந்த, தம்மால் வாசிக்கவே முடியாத கோடுகளில் ஒன்றைக் குச்சியால் தொட்டுக்காட்டும்படி தம்மிடம் சொல்லப்பட்டதையும், தொட்ட அந்தக் கோடுகளே அன்றுமுதல் தம் பெயர் ஆனதையும் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். எதிரியைத் தொட்டுவிட்டு மீளும் வீரனைப்போல அந்தக் குச்சியைப் பிடித்ததாக அவர் சொல்லும் இடத்தை என்னால் இன்றும் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

இப்போது தாங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்த அணியைப் பள்ளி உருவாக்கவில்லை. ஒரு மாணவனுக்குக் கால் முறிந்ததைக் கண்ட பிராட், வெளி அணிகளுடன் ஃபுட்பால் ஆடுவதைத் தடைசெய்திருந்தார். பிறகு ஏறத்தாழ 40 மாணவர்கள் திரண்டு அவர் அறைக்கு வந்து, தங்களுக்குள் நன்றாகப் பேசக்கூடிய ஒருவனை முன்னிறுத்தி வாதாடினார்கள். எதிரணி அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது, சில ஆண்டுகளுக்குள் நாட்டின் மிகப் பெரிய அணியை வென்று காட்ட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு அவர் இறங்கிவந்தார். இதைப் பதிவு செய்தவர் பிராட்தான். மாணவர்கள் கேட்டு, வாதாடிப் பெற்ற ஆட்டம் அது. நம் கணக்கு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் பிற வாசகர்களுக்காக ஒன்று சொல்கிறேன். இது நம் ஊர்க் கால்பந்து அல்ல. அணிக்கு 11 பேர், நீள்வட்டப் பந்து; அதைக் கையில் ஏந்தி எதிரணியை மோதித் தள்ளி முன்னேற வேண்டும். உடல் எடையே பெரிய ஆயுதம். ஹார்வர்டு, பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழக அணிகளோடு ஒப்பிட்டால் கார்லைல் வீரர்கள் எடை குறைந்தவர்கள். அவர்கள் படித்ததும் உண்மையில் கல்லூரி அன்று, தொழிற்பள்ளி. ஆகவே வேகம், போக்குக்காட்டல், எதிரி எதிர்பாராத திசையில் பந்தை நகர்த்துதல் ஆகியவற்றைத் தங்கள் ஆட்டமாக்கிக்கொண்டார்கள். 1906-இல் பந்தை முன்னோக்கி எறிவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. மறு ஆண்டே அதைத் துணிந்து கையாண்டு பென்சில்வேனியாவை 26-6 என்று வென்றார்கள். பயிற்சியாளர் பாப் வார்னர் பெரும் உத்திக்காரர், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த உத்திகள் இந்தக் கால்களையும் கைகளையும் கண்டபின் பிறந்தவை.

1912-க்கு வருவோம். அவ்வாண்டுதான் விதிகள் இன்றைய வடிவத்தை நெருங்கின: 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள், டச்டவுனுக்கு (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பதற்கு) ஆறு புள்ளிகள், 100 யார்டு மைதானம். ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து போட்டிகள் சேர்ந்தது), டெகத்லான் (பத்துப் போட்டிகள் சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வென்று திரும்பிய தோர்ப் அணியில் இருந்தார். அதே ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெள்ளி வென்ற ஹோப்பி இனத்தவர் லூயி டெவானிமாவும் கார்லைல் மாணவரே; 1907-இல் கைதியாகக் கொண்டுவந்து அங்கே சேர்க்கப்பட்டவர் அவர். பள்ளி தந்த வாய்ப்பு என்று சொல்லும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயிண்டில் ராணுவக் கல்லூரியுடன் ஆட்டம். வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கக் குதிரைப்படை லக்கோட்டா பூர்வகுடி மக்களைச் சுட்டுக்கொன்று அப்போது 22 ஆண்டுகள்கூட நிறைவடைந்திருக்கவில்லை. முதலில் புள்ளி எடுத்தது ராணுவ அணிதான். பிறகு கார்லைல் 7-6 என்று முந்தியது. தோர்ப்பைச் சுற்றியே எதிரணி குவிந்ததால், அவரிடம் கொடுப்பதுபோல் போக்குக்காட்டிவிட்டுப் பந்தை அலெக்ஸ் அர்காசாவிடம் கொடுத்தார்கள். அன்று மூன்று டச்டவுன்கள் அர்காசாவுடையவை. எதிரில் நின்ற கார்லைல் வீரர் ஜோ கையானைச் சமாளிக்க முடியாத ராணுவ அணித் தலைவர் டெவோர், அவர்மேல் பாய்ந்து தாக்கியதற்காக வெளியேற்றப்பட்டார். கார்லைல் வீரர்கள் கைநீட்டவில்லை. ஆட்டத்தை 27-6 என்று முடித்தார்கள். அன்று தோர்ப்பை மறிக்க முயன்றவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவர்.

அடுத்த வாரமே பென்சில்வேனியாவிடம் 34-26 என்று தோற்றார்கள். களைப்பாக இருந்திருக்கலாம். வருமானம் வெளியூர் மைதானங்களில்தான் என்பதால் பருவம் முழுக்க ரயிலிலேயே அலைந்த அணி அது. பிரவுனை 32-0 என்று வென்று முடித்தபோது 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். தோர்ப் மட்டும் 25-க்குக் குறையாத டச்டவுன்கள்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சொற்பக் கூலிக்கு பேஸ்பால் ஆடினார் என்ற செய்தி வெளியாகி, தோர்ப்பின் ஒலிம்பிக் பதக்கங்கள் பறிக்கப்பட்டன; பணம் வாங்கி ஆடியவர்களுக்கு அன்றைய ஒலிம்பிக்கில் இடமில்லை. அப்படி ஆடிய கல்லூரி வீரர்கள் பலர் பொய்ப்பெயரில் ஒளிந்துகொள்ள, இவர் சொந்தப் பெயரிலேயே ஆடியிருந்தார். பள்ளிக் கண்காணிப்பாளரும் வார்னரும் தங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்றார்கள். தங்கள் புகழுக்குக் காரணமானவனை அவர்கள் கைவிட்டார்கள் என்றே நான் கருதுகிறேன். வெற்றியைப் பள்ளியின் கணக்கில் எழுத வேண்டுமென்றால் இதையும் அங்கேதான் எழுத வேண்டும். தோர்ப்பின் ஒலிம்பிக் வெற்றி 110 ஆண்டுகள் கழித்து, 2022-இல்தான் அவர் ஒருவருக்கே உரியதாக மீண்டும் அறிவிக்கப்பட்டது.

ஆகவே தங்கள் தராசில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு தட்டில் பள்ளியின் குற்றத்தையும் மறுதட்டில் மாணவர்களின் திறனையும் வைத்தால், பறித்தவரின் கடனைப் பறிகொடுத்தவரே அடைப்பதாக ஆகிவிடுகிறது. அந்தப் பள்ளி வளாகத்தில் ஏறத்தாழ 180 பிள்ளைகளின் கல்லறைகள் இருந்தன. அண்மை ஆண்டுகளில்தான் சிலரின் எச்சங்களை உறவினர்கள் தங்கள் மண்ணுக்குக் கொண்டுசெல்கிறார்கள்.

கதையைச் சொல்வது தவறா என்று கேட்டிருந்தீர்கள். தவறில்லை, தொடர்ந்து சொல்லுங்கள். ஆனால் 1912-இல் நிறுத்தாமல் இன்னும் இரண்டு ஆண்டுகள் கூட்டிச் சொல்லுங்கள். அந்த அணியின் குவார்ட்டர்பேக் (களத்தில் ஆட்டத்தை வழிநடத்துபவர்) கஸ் வெல்ஷ், ஓஜிப்வே இனத்தவர். பள்ளி நிர்வாகத்தின் மீது விசாரணை வேண்டும் என்று அவர் முன்னின்று எழுப்பிய மனுவில் 200-க்கும் மேற்பட்ட மாணவர்கள் கையெழுத்திட்டார்கள். 1914-இல் நாடாளுமன்றக் குழு கார்லைலுக்கே வந்து விசாரித்தது. விளையாட்டு நிதி செலவான விதம், வார்னர் வீரர்களிடம் பேசிய வசைச்சொற்கள் எல்லாம் வெளியே வந்தன. கண்காணிப்பாளர் பதவியிழந்தார், வார்னர் பிட்ஸ்பர்க்குக்குப் போனார், 1918-இல் பள்ளி மூடப்பட்டது. வெல்ஷ் சாட்சி சொல்லியது, சில ஆண்டுகளாகத் தமக்கு ஆட்டம் கற்றுத்தந்த பயிற்சியாளருக்கு எதிராக. அப்போது பூர்வகுடியினர் பலருக்கு அமெரிக்கக் குடியுரிமைகூடக் கிடையாது. எல்லோருக்குமாக அது வந்தது 1924-இல்தான்.

அன்புடன்.