ட்ரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது

கேள்வி: லாரித் தண்ணீர் பிடிக்கும் ட்ரம்மை வாரந்தோறும் காலி செய்துதான் நிரப்புகிறேன். இருந்தும் நாலைந்து நாளில் புழு நெளிகிறது. எங்கே தவறு?
- வாசகி, வியாசர்பாடி, சென்னை

பதில்: தவறு ட்ரம்மின் உட்சுவரில் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கும். கடுகைவிடச் சிறிய கறுப்பு முட்டைகள் என்பதால் கண்ணில் படுவதில்லை. தண்ணீரைக் கொட்டினாலும் அவை சுவரிலேயே இருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரிந்துவிடும். உங்கள் ட்ரம்மில் நடப்பது இதுதான்.

காலி செய்ததும் தேங்காய் நாரோ முரட்டு பிரஷ்ஷோ கொண்டு அடி முதல் விளிம்பு வரை அழுத்தித் தேயுங்கள். விளிம்பின் மடிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கழுவிய நீரைக் காய்ந்த தரையில் ஊற்றிவிட்டு, ட்ரம்மை வெயிலில் உலர்த்துங்கள். முட்டை கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை என்கிறோம், தள்ளிப் போடாதீர்கள். குடிநீரில் கலக்கும் அளவு குளோரின் புழுவைக் கொல்லாது, அதை நம்ப வேண்டாம். மூடி இல்லாவிட்டால் துணியை இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்தால் அதன்மேலேயே மழைநீர் தேங்கும்.

கேள்வி: தெருவில் புகை அடித்த மறுநாளே கொசு கடிக்கிறது. மருந்து சரியில்லையா?
- வாசகர், கொருக்குப்பேட்டை, சென்னை

பதில்: மருந்தை மட்டும் குறை சொல்ல முடியாது. பறக்கும் கொசுவின் மேல் பட்டால்தான் புகை அதைக் கொல்லும்; தண்ணீரிலுள்ள புழுவை ஒன்றும் செய்யாது. ஏடிஸ் கொசுவோ வீட்டுக்குள் கட்டிலடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். புகை வண்டி வரும்போது நாம் கதவை அடைத்தால் கொசுவைக் காப்பாற்றியதாகிவிடும். உணவையும் தண்ணீரையும் மூடி, குழந்தைகளையும் மூச்சிரைப்பு உள்ளவர்களையும் புகை படாத இடத்துக்கு அனுப்பிவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அரைமணி நேரம் கழித்து உள்ளே போகலாம்.

வீட்டில் யாருக்காவது டெங்கு என்றால், காய்ச்சல் இருக்கும் நாட்களில் அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். இது பகலில் கடிக்கும் கொசு. அவரைக் கடித்த கொசு, கிருமி அதன் உடலில் பெருகிய பிறகு அடுத்தடுத்துப் பலரைக் கடிக்கும்.

கேள்வி: அபார்ட்மென்ட்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
- வாசகி, அண்ணா நகர், சென்னை

பதில்: முதலில் ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு. பிறகு மணி பிளான்ட் பாட்டில், மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர், லிஃப்ட் குழி, சம்ப் மூடியின் இடுக்கு. மேல்தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் வாயில் நைலான் வலை கட்டுங்கள். மூடியைப் பூட்டி வைப்பவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள்.