தவிலின் தொப்பி ஓசை எங்கே போனது?

வீட்டுக்கு வெள்ளையடித்து ஸ்பீக்கர்களை மீண்டும் இணைத்ததிலிருந்து தவிலின் தொப்பி ஓசை (தாழ்ந்த ஒலி தரும் பக்கத்தின் ஓசை) எழவில்லை, பாடகர் குரலும் நடுவில் நிற்கவில்லை என்கிறீர்கள். ஒரு ஸ்பீக்கரின் வயர்கள் இடம் மாறியிருக்கின்றன என்றே தோன்றுகிறது. ஒன்றின் கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு, கறுப்பு வயர்களை மாற்றிப் போடுங்கள். இரண்டிலும் மாற்றினால் பழைய கதைதான்! (நானே ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு அரைநாள் விழித்தேன்.)

வயர் நுனி பச்சை பூத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். மன்னார்குடிப் பக்கத்து ஐப்பசி ஈரத்தில் செம்பு களிம்பேறத்தான் செய்யும். புது ஸ்பீக்கர் வாங்கச் சொன்ன கடைக்காரர் கொஞ்சம் காத்திருக்கட்டும்.