வெள்ளியும் ரூபாயும்: சிங்கப்பூர் கல்கத்தாவிடமிருந்து கைமாறிய கதை
(வாசகர் கேள்வி – பதில்)

சிங்கப்பூர், பினாங்கு எல்லாம் ஒருகாலத்தில் இந்திய அரசின் கீழ் இருந்தன என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். நம்பலாமா?
– வாசகர், மேலூர்

நம்பலாம். 1786-ல் பினாங்கில் பிரான்சிஸ் லைட் கும்பினிக் (கிழக்கிந்தியக் கம்பெனி) கொடியை ஏற்றியதிலிருந்து 1867 மார்ச் 31 வரை, ஏறத்தாழ 80 ஆண்டுகள் அவை கல்கத்தாவைத் தலைநகராகக் கொண்ட இந்திய ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. மறுநாள், ஏப்ரல் 1 அன்று, லண்டனின் நேரடி ஆட்சிக்குக் கைமாறின. 1805-ல் வங்காளம், சென்னை, பம்பாய்க்கு அடுத்தபடியாக நான்காவது ராஜதானி என்ற பெருமைகூடப் பினாங்குக்குக் கிடைத்தது. 1819-ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. 1824 ஒப்பந்தத்தில் டச்சுக்காரர்களிடமிருந்து மலாக்கா கிடைத்தது. மூன்றையும் 1826-ல் ஒன்றாக்கி ‘நீரிணைக் குடியேற்றங்கள்’ என்று பெயரிட்டார்கள். வரவு செலவைத் தாங்கவில்லை என்று 1830-ல் ராஜதானி அந்தஸ்தைப் பறித்து வங்காளத்தின் கீழ் வைத்தார்கள். 1832-ல் தலைமையகம் சிங்கப்பூருக்கு மாறியது. 1851-லிருந்து கவர்னர் ஜெனரலின் நேரடிப் பார்வை.

அங்கே காவலுக்கு நின்ற படையும் சென்னைச் சிப்பாய்ப் படைதான். மதுரைச் சீமையிலிருந்து ஒருவர் பினாங்குக்குக் கப்பலேறினால், அரசின் கணக்கில் அவர் ஒரு பிரிட்டிஷ் இந்தியப் பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார், அவ்வளவுதான். 1867-ல் நடந்ததை வெறும் ஆவண மாற்றம் என்று தள்ளிவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

அங்கிருந்த வணிகர்கள் ஏன் கல்கத்தாவை விட்டுப் பிரிய வேண்டும் என்றார்கள்? ரூபாய்தான் காரணம் என்று கேள்விப்பட்டேன்.
– வாசகர், காரைக்குடி

ரூபாய் ஒரு காரணம். கடல் கடந்து கொண்டுவிற்கப் போன நகரத்தார் ஊர்க்காரர் நீங்கள். கணக்கைச் சொன்னால் சட்டென்று பிடிபடும்.

சிங்கப்பூர்ச் சந்தையில் நடமாடியது ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி டாலர். நம்மவர் வாயில் அது ‘வெள்ளி’. ஒரு வெள்ளிக்கு 100 காசு. அரசாங்கக் கணக்கோ ரூபாயில். ஒரு ரூபாய்க்கு 16 அணா, 192 தம்பிடி. மெக்சிகோ டாலரில் சுத்த வெள்ளி ஏறக்குறைய 24.4 கிராம், ரூபாயில் 10.7 கிராம். ஆக ஒரு வெள்ளிக்கு இரண்டேகால் ரூபாய்க்குச் சற்று மேல். இதைக் காசாக உடைத்தால்தான் சிக்கல் தெரியும்: ஒரு காசுக்கு நான்கு தம்பிடிக்கு மேல், ஐந்துக்குக் குறைவு. எந்தப் பக்கம் முழுதாக்கினாலும் யாரோ ஒருவருக்கு நட்டம். இந்த நிலையில்தான் 1855-ல் இந்தியச் செப்புக் காசுகள் அங்கே செல்லும் என்று கல்கத்தா சட்டம் போட்டது. அடுத்து ரூபாயையே திணிக்கப் போகிறார்கள் என்று வணிகர்கள் கொதித்தார்கள்.

அதே காலத்தில் துறைமுகக் கட்டணம் விதிக்கும் யோசனையும் வந்தது. சுங்கம் இல்லாத துறைமுகம் என்ற ஒரே காரணத்துக்காகக் கப்பல்கள் வந்துபோகும் ஊர் அது. அந்த யோசனை அடிமடியில் கை வைத்த மாதிரி. சட்டம் இயற்றும் சபை கல்கத்தாவில் இருந்தது. அதில் நீரிணைப் பகுதிக்கு ஓர் இடம்கூட இல்லை.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சுங்கம் இல்லையென்றால் அரசாங்கம் எதில் ஓடியது? பெரும்பங்கு அபின், சாராயக் குத்தகையில். கச்சா அபினைக் காய்ச்சிச் ‘சண்டு’ ஆக்கிச் சில்லறையில் விற்கும் உரிமையை ஏலம் விடுவார்கள். சீன முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து ஏலம் எடுத்து, மாதந்தோறும் குத்தகைப் பணம் கட்டுவார்கள். ஐரோப்பிய வணிகரின் சரக்குக்கு வரி கிடையாது. கூலியாளின் புகைக்குழாய்க்கு உண்டு. பிரிவினை கேட்டவர்கள் இந்த ஏற்பாட்டை மாற்றச் சொல்லவே இல்லை.

1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அங்கிருந்த இந்தியக் கைதிகளை வணிகர்கள் எதிர்த்தார்களாமே?
– வாசகர், சிவகங்கை

உண்டு. 1857 செப்டம்பர் 15 அன்று சிங்கப்பூரில் கூடிய ஐரோப்பியர்கள், கல்கத்தாவின் கீழிருந்து விடுவித்து லண்டனின் நேரடி ஆட்சியில் சேர்க்கும்படி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனுப் போட முடிவு செய்தார்கள். இந்தியாவில் தண்டிக்கப்பட்டவர்களை நாடுகடத்தி அனுப்பும் இடமாகவும் சிங்கப்பூர் இருந்தது. கிளர்ச்சிக் கைதிகளையும் அங்கே அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் அந்தக் கூட்டத்துக்குச் சூடேற்றியது. சிங்கப்பூரில் இருந்த வேகம் பினாங்கிலோ மலாக்காவிலோ இல்லை.

உங்கள் சீமைக்கும் அந்தக் கைதி வரலாற்றுக்கும் நேரடி உறவு இருக்கிறது. 1801-ல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட பிறகு, 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்த இடம் பினாங்கு. சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அவர்களில் ஒருவர். சிங்கப்பூரில் இறங்கிய முதல் கைதிக் கூட்டமும் சென்னை ராஜதானிக்காரர்கள்தான்: 1825 ஏப்ரலில் 80 பேர். 1824 ஒப்பந்தத்தில் சுமத்ராவிலிருந்த பென்கூலனை டச்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்ததால் அங்கிருந்து இடம் மாற்றப்பட்டவர்கள் அவர்கள்.

சிங்கப்பூரின் சாலைகளும் பாலங்களும் அரசுக் கட்டடங்களும் இவர்கள் உழைப்பு. புனித ஆந்திரேயா தேவாலயத்தின் உள்சுவரைப் பாருங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பில் மணல் கலக்காமல், முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் அடித்துச் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுக் குழைத்தார்கள். பூசிக் காய்ந்ததும் மேற்பரப்பை நனைத்து, படிகக் கல்லாலோ வழவழப்பான உருண்டைக் கல்லாலோ பளபளப்பு ஏறும்வரை தேய்த்து, மாக்கல் பொடி தூவி மெருகேற்றினார்கள். திருமலை நாயக்கர் மகாலின் தூணையோ செட்டிநாட்டு வீட்டுச் சுவரையோ தடவிப் பார்த்தவருக்கு இந்தக் கைப்பக்குவம் எங்கிருந்து போனது என்று சொல்லத் தேவையில்லை. மட்டை நீர் சரியாக ஊறாவிட்டாலும், தேய்ப்பதற்கு முன் சுவர் முற்றிலும் உலர்ந்துவிட்டாலும் மெருகு ஏறாது. அது பழகிய கொத்தனாரின் வேலை. தேவாலயத்தில் 1861-ல் வழிபாடு தொடங்கியது. அதே காலத்தில்தான் இவர்கள் வேண்டாத பாரம் என்ற மனு லண்டனில் முடிவுக்குக் காத்திருந்தது.

மனு 1857-ல். மாற்றம் 1867-ல். பத்தாண்டு இழுத்தடிப்பு ஏன்?
– வாசகர், திருமங்கலம்

பிரிக்கலாமா என்பதில் பெரிய சண்டை இல்லை. 1859-லேயே கவர்னர் ஜெனரல் கானிங் பிரிக்கலாம் என்று எழுதிவிட்டார். பிரிந்தபின் செலவு யார் தலையில் என்பதில்தான் வண்டி நின்றது.

லண்டனில் நான்கு அலுவலகங்கள்: இந்திய அலுவலகம், காலனி அலுவலகம், போர் அலுவலகம், கருவூலம். காலனி அலுவலகம் ஒரு நிபந்தனையில் பிடிவாதமாக நின்றது: தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் காலனியைத்தான் எடுத்துக்கொள்வோம், ஒரு பென்னிகூடக் கருவூலம் தராது. அப்படியானால் எத்தனை சிப்பாய் வேண்டும்? பேரரசின் கடல்வழியைக் காக்கும் படைக்கு உள்ளூர்க்காரன் ஏன் பணம் கட்ட வேண்டும்? இந்தியக் கைதிகளைப் பராமரிக்கும் செலவை இந்தியா தராதா? 1858-க்குப் பின் சிங்கப்பூரில் கட்டிய கானிங் கோட்டை யார் கணக்கில்? ஒவ்வொரு கேள்விக்கும் கடிதம் கப்பலில் போய்வர வேண்டும்; ஒவ்வோர் அலுவலகத்திலும் எண்கள் வேறு வேறு. கைதிச் செலவைச் சேர்த்தால் பற்றாக்குறை, கழித்தால் உபரி. ஒரே ஆண்டின் கணக்கை வைத்துக்கொண்டே இரு தரப்பும் தங்கள் வாதத்தை நிறுவினார்கள்.

முடிச்சை அவிழ்த்தவை இரண்டு. ஒன்று, 1863 முதல் வந்த முத்திரைத்தாள் வரி. வணிகர்கள் எதிர்த்தாலும் வரவு செலவை நேராக்கியது அதுதான். மற்றொன்று, ஹாங்காங் கவர்னர் ஹெர்குலிஸ் ராபின்சன் நேரில் போய்ப் பார்த்து 1864-ல் கொடுத்த சாதகமான அறிக்கை. 1866 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது.

படைச் செலவுச் சண்டை அத்தோடு ஓயவில்லை. 1890-ல் ஆண்டுக்கு 1,00,000 பவுன் கொடு என்று லண்டன் கேட்டபோது, கல்கத்தாவே தேவலை என்று சிலருக்காவது தோன்றியிருக்கும்.

1867 ஏப்ரல் 1 அன்று நடைமுறையில் என்ன மாறியது? நம் ஊர்க் கூலியாட்களுக்கு ஏதாவது பாதிப்பு உண்டா?
– வாசகர், உசிலம்பட்டி

முதலில் அந்தத் தேதி. அது நிதியாண்டின் முதல் நாள்; அதுவரை மே மாதம் தொடங்கிய இந்திய நிதியாண்டும் அந்த ஆண்டில்தான் ஏப்ரலுக்கு மாறியது. கணக்கைப் பாதியில் வெட்ட வேண்டியதில்லை.

இந்தியா நியமித்த கடைசி கவர்னர் கேவனா போய் ஹாரி ஆர்டு வந்தார். ரூபாய் சட்டப்படி செல்லாததாகி, வெள்ளி டாலர் செல்லும் நாணயமானது. உள்ளூரிலேயே சட்டசபை அமைந்தது. 1869-ல் வாம்போவா என்று அழைக்கப்பட்ட ஹூ ஆ கே அதில் இடம்பெற்ற முதல் ஆசியரானார். கைதிக் கொட்டடி 1873-ல் மூடப்பட்டது. தண்டனை மிச்சமிருந்தவர்களை அந்தமானுக்கு அனுப்பினார்கள்.

கூலியாட்களைப் பொறுத்தவரை, யாரும் யோசிக்காத ஒரு கோளாறு நடந்தது. இந்தியாவின் 1864 குடிபெயர்வுச் சட்டம் ‘அயலான’ காலனிகளுக்குப் போகும் கூலிகளுக்கானது. பட்டியலில் உள்ள நாடுகளுக்கு, குறிப்பிட்ட துறைமுகங்களிலிருந்து மட்டுமே ஆள் ஏற்றலாம். பினாங்கு அயலாக இல்லாதவரை பட்டியலில் இருக்கத் தேவை இல்லாதிருந்தது. ஏப்ரல் 1 அன்று அது அயலானது. பட்டியலில் சேர்க்க ஒருவருக்கும் நினைவில்லை. நாகப்பட்டினத்தில் ஆளேற்றம் வழக்கம்போல் தொடர்ந்தது, ஆனால் சட்டவிரோதமாக. 1870 வாக்கில் அதிகாரிகள் இதைக் கவனித்துத் தடுத்ததும் அக்கரைத் தோட்டக்காரர்கள் கூச்சலிட்டார்கள். 1872-ல் தனிச் சட்டம் போட்டு விலக்கு அளித்தார்கள். ஆளைக் காக்கும் விதிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு முன்பே விலக்கு வந்துவிட்டது. இந்த வரிசையை மன்னிக்க முடியவில்லை. ஐந்தாண்டுகளாகக் கப்பலேறியவர்களுக்கு, தாங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் போகிறோம் என்று சொல்ல ஆளில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒருவர் அந்தக் காலத்தில் பினாங்கு போய்த் திரும்பவில்லை. ஆவணங்களை எங்கே தேடுவது?
– வாசகர், தேவகோட்டை

முதல் வேலை, போன ஆண்டை 1867-க்கு முன்னா பின்னா என்று முடிவு செய்வது. முன் என்றால் சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள். கைதியாகப் போனவர் என்றால் நீதித்துறைக் கோப்புகள். 1867 வரையிலான நீரிணைப் பதிவுகள் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பின் என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘சி.ஓ. 273’ வரிசை. 1866-ல் போய் 1870-ல் இறந்தவர் என்றால் இரண்டிலும் தேட வேண்டும்.

பலர் வெறுங்கையோடு திரும்புவதற்குக் காரணம், இன்றைய பெயரில் தேடுவது. பழைய கோப்புகளில் பினாங்கு பெரும்பாலும் ‘வேல்ஸ் இளவரசர் தீவு’. தேவகோட்டையும் சிவகங்கையும் 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை மதுரை மாவட்டத்தில் இருந்தவை. அதனால் ‘மதுரா’ என்ற தலைப்பில் பாருங்கள். ஆள் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் எழுத்தருக்கு எழுத்தர் மாறும். ஐந்தாறு விதமாக எழுதி வைத்துக்கொண்டு போங்கள். வட்டிக்கடைக் குடும்பம் என்றால் ஆள் பெயரைவிட விலாசத்தின் (கடையைக் குறிக்கும் முதலெழுத்துகளின்) எழுத்துகளே கைகொடுக்கும்.