மலை விட்ட இடம்

அன்புள்ள ஐயா,

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். பரீட்சையில் மேப் கொடுத்தால் பிள்ளைகள் பானிப்பட்டைச் சரியாகக் குறித்துவிடுகிறார்கள். ஏன் அங்கேயே மூன்று போர் நடந்தது என்று கேட்டால் முழிக்கிறார்கள். மேப் போட்டு விளக்க உட்கார்ந்தால் ஒரு பீரியடு போய்விடுகிறது. ‘புவியியலுக்குத் தனியா டீச்சர் இருக்காங்க, நீங்க போர்ஷனை முடிங்க’ என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். நான் செய்வது வீண் வேலையா?

— ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீண் இல்லை. ஆனால் பானிப்பட்டில் ஆரம்பிக்காதீர்கள்.

நான் படித்த பள்ளியில் துணியில் ஒட்டிய இந்திய மேப் ஒன்று இருந்தது. வருஷக்கணக்கில் குச்சி பட்டுப் பட்டு, டெல்லி இருந்த இடத்தில் ஓட்டை. இந்திய வரலாறு முழுக்க அந்த ஓட்டைக்குள்தான் நடந்தது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எட்டாம் வகுப்புக்கு வந்த வாத்தியார் அந்த மேப்பைத் தொடவே இல்லை. சாக்பீஸைப் படுக்கவைத்து, போர்டில் மேலிருந்து கீழாகப் பட்டையாக ஒரு கோடு இழுத்தார். மேற்குத் தொடர்ச்சி மலை. அப்புறம் நடுவில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் அழித்தார். “இங்கதான்டா நாம உட்கார்ந்திருக்கோம்.”

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த பாலக்காட்டுக் கணவாய். கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசுகள் கிடைப்பதற்கும், 1860-களில் சென்னையிலிருந்து போன ரயில் மலையேறாமலே மேற்குக் கடற்கரையைத் தொட்டதற்கும் காரணம் அந்த விரல் தடத்தில் இருக்கிறது.

மைசூரை ஆண்ட ஹைதர் அலியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மலபாருக்குள் புகுந்தது வடக்கே, கடற்கரை வழியாக. கோட்டை எழுப்பியதோ பாலக்காட்டில், 1766-ல். வந்த வழியை விட்டுவிட்டு இங்கே ஏன் கட்டினார்? இதைக் கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். கோவையையும் மலபாரையும் சேர்க்கிற பாதை கையில் இல்லாவிட்டால் பிடித்த நாடு நிற்காது என்பதை, பனங்காட்டில் ஆடு மேய்த்துவிட்டு வருகிற பிள்ளை தானே சொல்லிவிடும்.

அதற்கப்புறம் பானிப்பட்டுக்குப் போகலாம். ஒரு பக்கம் இமயமலை அடிவாரம், மறுபக்கம் ராஜஸ்தான் பாலைவனம், நடுவில் வடமேற்கிலிருந்து டெல்லிக்கு வருகிற சமவெளிப் பாதை. டெல்லிக்கு 90 கிலோமீட்டர் முன்னால் பானிப்பட்டு. 1526, 1556, 1761 மூன்றும் ஒரே வழியின் மேல் நிற்பது அப்போது தெரியும்.

மாநில எல்லை அச்சடித்த மேப்பை முதலில் மாட்டுவது எனக்குப் பிடிக்காது. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தபோது, பக்கத்துச் சித்தூர் கொச்சி ராஜ்ஜியம். 1949-ல் அது திருவிதாங்கூர்–கொச்சி ஆனது, 1956 நவம்பர் 1-ல் கேரளம். சித்தூர்ப் பாட்டி ஒருத்தி திண்ணையை விட்டு எழுந்திருக்காமலே மூன்று நாட்டில் குடியிருந்திருப்பாள். இதை எந்த மேப் கேள்வியும் கேட்பதில்லை.

போர்ஷன் கவலை நியாயம்தான். பத்து நிமிஷம் போதும். சார்ட் வேண்டாம், சாக்பீஸும் கட்டைவிரலும் இருந்தால் சரி. எவனாவது ஒருவன் எழுந்து, “சார், வாளையார் செக்போஸ்ட்டை எங்க போடறது?” என்பான். தமிழ்நாடு–கேரள எல்லைதானே அது, அதைக் கடைசியில் போடச் சொல்லுங்கள்.