ஒரே சேனலில் ஊர்ச் செய்தியும் உலகச் செய்தியும்

அன்புள்ள ஐயா,

பினாங்கு பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆஸ்ட்ரோ சந்தாத் தொலைக்காட்சி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிபிசி பார்ப்பது வழக்கம். பிபிசியின் உள்நாட்டுச் செய்தி சேனலையும் வெளிநாட்டுச் செய்தி சேனலையும் ஒன்றாக்கிய பிறகு அது முன்போல இல்லை. பர்மிங்ஹாமில் குப்பை அள்ளவில்லை என்பதை நான் எத்தனை ராத்திரி பார்ப்பது? இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் என் தம்பியிடம் இதைச் சொன்னால், "அட போங்கண்ணே, இங்கே எங்கள் செய்தியே வருவதில்லை, எப்போது போட்டாலும் அமெரிக்கா" என்கிறான். யார் சொல்வது சரி? உலகச் செய்தி என்று சொல்லிவிட்டு ஊர்ச் செய்தி காட்டுவது ஏமாற்று இல்லையா? பேசாமல் சந்தாவை நிறுத்திவிடலாமா?

ம., பட்டர்வொர்த்

அன்புள்ள ம.,

நீங்கள் சொல்வதும் சரி, உங்கள் தம்பி சொல்வதும் சரி. ஒரே சேனலைப் பார்த்து இரண்டு பேர் இப்படி நேர்மாறாகக் குறைப்படுகிறார்கள் என்றால் அந்தச் சேனல் நடுநிலையாக இருக்கிறது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அந்தச் சமாதானத்தில் நம்பிக்கை இல்லை. இரண்டு பேருக்குமே ஏதோ கிடைக்காமல் போயிருக்கிறது, அது என்ன என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனுக்குள் பார்க்கிற செய்தி சேனல் 1997-இல் தொடங்கியது. வெளிநாட்டுக்கான சேனல் அதற்கும் முந்தையது, 1991-இல் வந்தது, நாம் ஆஸ்ட்ரோவில் பார்த்தது அதைத்தான். உள்நாட்டுச் சேனலுக்குப் பணம் பிரிட்டன் வீடுகள் கட்டுகிற தொலைக்காட்சி உரிமக் கட்டணத்திலிருந்து வந்தது, வெளிநாட்டுச் சேனலுக்கு விளம்பரத்திலிருந்தும் நம்மைப் போன்றவர்கள் கட்டும் சந்தாவிலிருந்தும் வந்தது. உரிமக் கட்டணத்தை ஆண்டுக்கு 159 பவுன் என்றே இரண்டு வருஷம் நிறுத்தி வைத்தார்கள், விலைவாசியோ ஏறிக்கொண்டே போனது. 2022-இல் இணைப்பை அறிவித்தார்கள், லண்டனில் சுமார் 70 வேலைகள் போகும் என்றார்கள், 2023 ஏப்ரல் 3-ஆம் தேதி இரண்டும் ஒன்றானது. ஆக இது பார்ப்பவர்களுக்கு எது நல்லது என்று யோசித்து வந்த முடிவு இல்லை. கையில் இருக்கும் பணத்துக்குள் இரண்டு சேனலை நடத்த முடியாது என்று வந்த முடிவு.

ஆனால் பணம் இன்னமும் இரண்டு பக்கத்திலிருந்துதான் வருகிறது. அதை நீங்கள் திரையிலேயே பார்க்கலாம். நமக்கு இங்கே விளம்பரம் ஓடுகிற அந்த இரண்டு மூன்று நிமிஷத்தில் பிரிட்டனில் விளம்பரம் போட முடியாது, அங்கே வானிலையோ ஏதாவது சின்னத் தொகுப்போ ஓடும். அது முடிந்ததும் செய்தி வாசிப்பவர் திரும்பி வந்து, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக மறுபடி வணக்கம் சொல்லி, தலைப்பை மறுபடி சொல்லி ஆரம்பிப்பார். பிரிட்டனில் பெரிதாக ஏதாவது நடந்தால் அவர்களுக்கு மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டும் ஏற்பாடும் இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் ஒரே ஓட்டம்தான்.

உங்களுக்கு ஊர்ச் செய்தியாகவே வருகிறது என்பதற்கு ஒரு எளிய காரணம் கடிகாரம். நீங்கள் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு உட்காரும்போது லண்டனில் நண்பகல் பன்னிரண்டு, கோடையில் ஒரு மணி. அவர்கள் ஊர் அரசியல் சூடாக இருக்கும் நேரம் அது. புதன்கிழமைதோறும் நண்பகலில் பிரதமர் நாடாளுமன்றத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்வாரே, அதுவும் நம் சாப்பாட்டு நேரத்தில்தான் வந்து நிற்கிறது. உங்கள் தம்பி வேலை முடிந்து ராத்திரி ஒன்பதுக்கு மேல் போட்டால் வாஷிங்டனில் மாலை நேரம், வெள்ளை மாளிகையில் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே சேனல்தான், ஆனால் வேறு வேறு துண்டு. இத்தனை சதவீதம் உள்நாடு, இத்தனை சதவீதம் வெளிநாடு என்று யாராவது கணக்குக் காட்டினாலும் உங்கள் இரண்டு பேருக்கும் அது ஒத்துவராது.

சரி, குப்பைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் அதுதான். பர்மிங்ஹாம் செய்தி உங்களுக்கு எதற்கு என்கிறீர்கள். 2023 செப்டம்பரில் அந்த மாநகர் மன்றம், கையில் பணமில்லை, சட்டப்படி கட்டாயமானதைத் தவிர வேறு புதுச் செலவு கிடையாது என்று அறிவித்தது. காரணங்களில் பெரியது, பெண் தொழிலாளர்களுக்குச் சம ஊதியம் கொடுக்காமல் விட்ட பழைய பாக்கி. அது 76 கோடி பவுன் வரை போகலாம் என்று அவர்களே சொன்னார்கள். 2025 மார்ச்சில் குப்பைத் தொழிலாளர்கள் முழு வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. ஒரு மாநகர் மன்றம் கஷ்டத்தில் விழுந்தால் முதலில் யார் சம்பளத்தில் கை வைக்கிறார்கள், குப்பை அள்ளுகிறவருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம், இதெல்லாம் பினாங்கில் பேச வேண்டிய விஷயம் இல்லையா? நம் மாநகர் மன்றங்களில் குப்பை வேலையில் காலங்காலமாக யார் இருந்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் தாத்தா கோலாலம்பூரில் அந்த வேலையில்தான் இருந்தார்.

பிரச்சினை அந்தச் செய்தி வந்ததில் இல்லை, அது வந்த விதத்தில். மூட்டை மூட்டையாகக் குப்பை, பக்கத்தில் எலி, தெருவில் கோபமாக ஒருவர், அமைச்சர் ஒரு வரி. பிரிட்டனில் இருப்பவருக்குப் பின்கதை தெரியும், உங்களுக்குத் தெரியாது, அதைச் சொல்வதற்கு நேரம் இல்லை. அதை விளக்கினால் உங்கள் தம்பிக்கு அலுப்புத் தட்டும், விளக்காவிட்டால் உங்களுக்கு அந்நியம். இணைந்த சேனலை நடத்துகிறவர்களுக்கு நிஜமான சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். எந்தச் செய்தியை எடுப்பது என்பதைவிட, யாருக்கு எவ்வளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுவது. நன்றாக எழுதினால் இரண்டு பேருக்கும் போய்ச் சேரும். அதற்கு ஆளும் நேரமும் வேண்டும், குறைத்ததோ அதைத்தான்.

நான் தமிழ் நாளிதழில் வேலை பார்த்த காலத்தில் இதே தொல்லை தினமும் இருந்தது, பக்கம் முடிக்கிற கடைசி மணி நேரத்தில் பெரும்பாலும் சண்டையாகவே இருக்கும். 2009 மே மாதம் நன்றாக நினைவிருக்கிறது. வன்னியிலிருந்து வந்துகொண்டிருந்த செய்தி வெளிநாட்டுச் செய்தியா, உள்நாட்டுச் செய்தியா? பக்க அமைப்பின்படி அது உள்ளே ஆறாம் பக்கம் போக வேண்டும். ஆனால் காலையில் தொலைபேசியில் கூப்பிட்ட கிள்ளான் வாசகர்களுக்கும் ஈப்போ வாசகர்களுக்கும் அது அவரவர் வீட்டில் நடந்த சாவு. முதல் பக்கத்தில்தான் போட்டோம். அதற்கு இடம் கொடுக்க ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் கட்டட விவகாரத்தை உள்ளே தள்ளினோம், அந்தப் பள்ளியின் பெற்றோரும் மறுநாள் கூப்பிட்டார்கள். அவர்கள் கோபமும் நியாயம்தான். உள்நாடு, வெளிநாடு என்கிற கோடு பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல வாசகர் மனதில் இருப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இது. இப்படி ஒன்றாக்கினால் பெரிய செய்திகளுக்கு ஒன்றும் ஆகாது. காஸா, உக்ரைன், அமெரிக்கத் தேர்தல் எல்லாம் வரும், பிரிட்டன் பிரதமர் மாறினால் அதுவும் வரும். அடிபடுவது நடுவில் இருப்பவை. 2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியா தெருவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெண்மணி உள்ளே விழுந்தார். அது உலகம் முழுக்க ஓடியது. ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை என்று நிறுத்தினார்கள், அத்தோடு கேமராக்கள் போய்விட்டன. அப்புறம் அந்தத் தெருவில் நான் நடந்தபோது புடவைக் கடைகளில் ஆள் இல்லை, பூக்கட்டி விற்கும் அம்மா மாலைகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், கேட்டால் "யாரும் இந்தப் பக்கம் கால் வைக்கவே பயப்படுறாங்க சார்" என்றார். இது உலகச் செய்தியில் வராது. அதேபோல 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது, செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி விலை ஏறியது, எல்லோரும் உள்ளூர் அரிசிக்குத் திரும்பியதில் 26 ரிங்கிட்டுக்கு விற்க வேண்டிய 10 கிலோ மூட்டை கடைகளில் இல்லாமல் போனது. டில்லியில் எடுத்த முடிவு பட்டர்வொர்த் சமையலறைக்கு வந்து சேர்ந்த கதை. ஒரு உலகச் சேனல் செய்ய வேண்டிய வேலை இதுதான், இதைச் செய்ய நிதானமான இடம் வேண்டும். ஒரே ஓட்டத்தில் பிரிட்டன் செய்தியும் பெரிய செய்தியும் போக மிச்சம் எவ்வளவு இருக்கும்?

அதனால் "ஏமாற்று" என்ற வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். உரிமக் கட்டணம் 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுன் ஆனது. அதைக் கட்டுகிறவர் உங்கள் தம்பி, அவர் ஊரில் கலவரம் வந்தால் அதைத்தான் காட்ட வேண்டும், நாம் அந்த நேரம் காத்திருக்கலாம். ஆனால் அவருக்கு பிபிசி ஒன் இருக்கிறது, ஆறு மணிச் செய்தி இருக்கிறது, வட்டாரச் செய்தி தனியாக இருக்கிறது. நமக்கு வருவது இந்த ஒன்றுதான். இந்த வித்தியாசத்தை அங்கே முடிவெடுப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

சந்தாவை நிறுத்த வேண்டாம். ராத்திரிக்குப் பதிலாகக் காலையில் போட்டுப் பாருங்கள், லண்டன் தூங்கப் போகும் நேரம், சிங்கப்பூரிலிருந்து வருகிற 'நியூஸ்டே' ஓடும், ஆசியச் செய்திக்கு நேரம் கூடுதலாகக் கொடுப்பார்கள். தம்பியை மட்டும் எழுத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். பிபிசி பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதிலிலும் திருப்தி இல்லையென்றால் அவர் பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமுக்குப் போகலாம். அவர் எழுதும்போது உங்கள் குறையையும் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.