பில் வலித்தால்தான் சுவிட்சை அணைப்பார்கள்

சோவியத் பாணித் திட்டமிடலிலிருந்து சந்தைக்கு மாறிய நாடுகளில் தொழிற்சாலைகள் மின்சாரத்தை எப்போது சிக்கனமாகச் செலவழிக்கத் தொடங்குகின்றன? இதையொட்டி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அந்த ஆலைகள் ஏன் கரண்டை அப்படி விழுங்கின? மலிவு என்பதாலா, சார்?

மலிவு பாதிக் காரணம்தான். மேலாளருக்கு மார்க் போட்டது எத்தனை டன் உற்பத்தி என்பதை வைத்து. மிச்சம் பிடித்தால் அடுத்த வருட ஒதுக்கீட்டில் கை வைத்துவிடுவார்கள். அப்புறம் யார் மிச்சம் பிடிப்பார்?

கேள்வி: கட்டணத்தை ஏற்றினால் சரியாகிவிடாதா?

1990களின் ரஷ்யாவைப் பாருங்கள். பில் வரும், கட்ட மாட்டார்கள். கட்டியவர்களிலும் பலர் பணத்துக்குப் பதில் சரக்கைக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். ஊரே அந்த ஒரு ஆலையை நம்பி இருக்கும்போது, கரண்டைத் துண்டிக்க யாருக்குத் துணிவு வரும்? நஷ்டம் வந்தால் அரசு தாங்கும் என்ற இந்த நம்பிக்கையை ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய் 'இளகிய பட்ஜெட்' என்றார். அது இருக்கும்வரை விலை எவ்வளவு ஏறினாலும் உறைக்காது. போலந்து 1990லேயே மானியத்தை வெட்டி ஆலைகளைச் சொந்தக் காலில் நிற்க விட்டது. அங்கே சிக்கனமும் சீக்கிரம் வந்தது.

கேள்வி: தனியார் மயம் உதவியதா?

யார் வாங்கினார் என்பதைப் பொறுத்தது. பழைய மேலாளரே முதலாளியானால் பெரும்பாலும் பழைய பழக்கம்தான்.

கேள்வி: ஆலைக்குள் உண்மையில் எங்கே வீணாகிறது?

கொதிகலனுக்குக் காற்று தள்ளும் பெரிய விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் எப்போதும் முழு வேகத்தில் சுற்றும். காற்று அதிகம் என்றால் தடுப்புத் தகட்டைப் பாதி மூடுவார்கள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக் கையால் வாயை அடைப்பது மாதிரி! அதற்குப் பதில் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால், மின் தேவை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கேள்வி: இவ்வளவு லாபம் என்றால் எல்லாரும் ஏன் செய்யவில்லை?

கையில் பணமில்லை, வட்டி அதிகம். நாளை ஆலை இருக்குமா என்பதே தெரியாதவர் மூன்று வருடம் கழித்து வரும் லாபத்துக்குக் கடன் வாங்க மாட்டார். உக்ரைனில் ஐரோப்பிய மறுசீரமைப்பு மற்றும் மேம்பாட்டு வங்கி 2007இல் உள்ளூர் வங்கிகள் வழியாக இதற்கென்றே கடன் திட்டம் தொடங்கியது. கடனோடு பொறியாளர் ஆலோசனையும் கிடைத்ததுதான் எனக்குப் பிடித்த அம்சம்.

கேள்வி: நவீன ஆலைக்கு மின் பில் கூடினால், திறன் குறைந்தது என்றுதானே அர்த்தம்?

இல்லை. உக்ரைனின் தினிப்ரோ நகரில் 2012இல் ஒரு மின்வில் உலை திறந்தார்கள். எரிவாயுவைக் குடித்த பழைய திறந்த உலைகளுக்குப் பதிலாக, பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்குவது அது. மின் செலவு கூடும், எரிவாயுச் செலவு பெருமளவு குறையும். ஒரு டன் எஃகுக்கு ஆன மொத்த எரிசக்தியைக் கணக்கிட்டுப் பாருங்கள்.