எதிர்வீட்டுத் துப்பாக்கியைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, பிலடெல்பியா பக்கம் குடியேறி நான்கு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். எதிர்வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் காரேஜைத் திறந்துவைத்துத் துப்பாக்கி துடைக்கிறார், வீட்டில் எல்லாருக்கும் பயமாக இருக்கிறது என்கிறீர்கள். ஆபத்தானவர்களிடமிருந்து நீதிமன்றமே துப்பாக்கியை வாங்கிவைக்கும் மசோதா பென்சில்வேனியாவில் பேசப்படுகிறதே, அது வந்தால் நாம் மனுப் போட முடியுமா என்பது உங்கள் கேள்வி.

முடியாது. துப்பாக்கி துடைப்பது இங்கே சைக்கிளுக்கு எண்ணெய் விடுவதைப் போல. அவர் யாரையாவது சுடப்போவதாகச் சொன்னால் 911-ஐ அழையுங்கள், மற்றதைக் காவல்துறை பார்த்துக்கொள்ளும். இந்த வகை மனுவைப் போடும் உரிமை பெரும்பாலும் குடும்பத்தாருக்கும் காவல்துறைக்கும்தான் உண்டு. ஃபுளோரிடாவில் குடும்பத்துக்கும் இல்லை, காவல்துறைக்கு மட்டுமே. அக்கம்பக்கத்தவருக்கு இடம் கொடுத்தால் வேலித் தகராறெல்லாம் நீதிமன்றம் ஏறிவிடும் அல்லவா?

உங்கள் மாநில மசோதா 2023 மே மாதம் கீழவையில் 102-க்கு 99 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்து, மேலவையில் முடங்கிப்போனது. நான் இருக்கும் மிச்சிகனிலும் பல ஆண்டுகள் இதே கதைதான். 2023 பிப்ரவரி 13 அன்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்த வகைச் சட்டத்துக்கு வழிகாட்டி கனெக்டிகட், 1999-இல். அங்கும் அதற்கு முந்தைய ஆண்டு, மாநில லாட்டரி அலுவலகத்தில் ஊழியர் ஒருவர் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றிருந்தார்.

நம் ஊரில் தேர்தல் அறிவித்ததும் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்குவார்களே, நினைவிருக்கிறதா? அங்கே ஓர் உத்தரவு வந்தால் ஊரே கொண்டுபோய்க் கொடுக்கும். இங்கே துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு தந்த உரிமை. அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மனு, தனித்தனி நீதிபதி, தனித்தனி ஆணை. மிச்சிகனில் ஆணையின் ஆயுள் ஓராண்டு. அவசரம் என்று நீதிபதிக்குப் பட்டால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே ஆணையிடலாம். பிறகு அவர் தன் பக்கத்தைச் சொல்ல விசாரணை கேட்கலாம். இது உரிமையியல் நடவடிக்கை, குற்ற வழக்கு அல்ல. ஆணையை மீறினால்தான் குற்றம்.

எங்கள் தெருவில் ஒன்றைப் பார்த்தேன். மூன்றாம் வீட்டுப் பெரியவருக்கு மனைவி போன பிறகு பேச்சுக் குறைந்துவிட்டது. முதலில் மீன்பிடிப் படகை விற்றார். பிறகு, நான் பலமுறை இரவல் வாங்கிய ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இனி உங்களிடமே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, நன்றி சொல்லிக் காப்பி கொடுத்தேன். ஒஹையோவில் இருக்கும் அவர் மகளுக்கு உறைத்திருக்கிறது, மனுப் போட்டுவிட்டார். ஒரு வாரத்தில் இரண்டு காவலர்கள் வந்தார்கள். சத்தம் இல்லை, விலங்கு இல்லை. நான்கு வேட்டைத் துப்பாக்கிகளைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துவந்தார்கள். ஒரு காவலர் காரின் பானெட்டில் தாளை வைத்து வரிசை எண்களை எழுதினார். எழுத்து தெரியவில்லை என்று பெரியவர் தன் கண்ணாடியை எடுத்து வரப் போனார். ஓராண்டு முழுக்க மகளிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பேசுகிறார். ஏணியையும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இங்கே துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொள்பவர்கள். கனெக்டிகட் ஆணைகளை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 10 முதல் 20 ஆணைகளுக்கு ஒரு தற்கொலை தவிர்ந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஆகவே இந்தச் சட்டத்தை எதிர்வீட்டோடு மட்டும் சேர்த்துப் பார்க்காதீர்கள். கிரீன் கார்டு வந்ததும் ஆசைக்குக் கைத்துப்பாக்கி வாங்கி அலமாரியில் பூட்டிவைத்திருக்கும் தமிழர்களை எனக்குத் தெரியும். வேலை போனாலும் விவாகரத்து வந்தாலும் நாம் வெளியே மூச்சு விடமாட்டோம். வீட்டார் வாய் திறக்காவிட்டால் இந்தச் சட்டம் வெறும் தாள்தான்.

வாய் திறந்தும் போதாமல் போனதுண்டு. மேய்ன் மாநிலத்தின் பழைய சட்டப்படி, காவலர் முதலில் அந்த ஆளைத் தம் பொறுப்பில் எடுக்க வேண்டும், அதன் பிறகு மருத்துவ மதிப்பீடு நடக்க வேண்டும். அங்கே லூயிஸ்டன் நகரில் பலரைச் சுட்டுக் கொன்ற ராணுவ ரிசர்வ் படைக்காரரைப் பற்றி அவருடைய குடும்பமும் படைத் தோழர்களும் முன்பே எச்சரித்திருந்தார்கள். அந்த நடைமுறை தொடங்கப்படவே இல்லை. 2023 அக்டோபர் 25 அன்று அவர் சுட்டதில் 18 பேர் இறந்தார்கள். 2025 நவம்பரில் மேய்ன் மக்கள் வாக்களித்து, குடும்பமே நேராக நீதிமன்றம் போகும் வழியைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு டெக்சாஸ் இப்படிப்பட்ட ஆணைகளுக்கே தடை போட்டது. ஒரே நாடுதான்!

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. விசாரணைக்கு முன்பே பொருளை எடுப்பது சின்ன விஷயம் அல்ல. பிரிந்த மனைவியோ கணவனோ பழிவாங்க மனுப் போடலாம். மிச்சிகனில் பொய் மனுவுக்குத் தண்டனை உண்டு. அது போதுமா என்பது நீதிபதியின் நிதானத்தைப் பொறுத்தது. இருந்தும், அந்த ஏணியை நினைத்தால் நான் சட்டத்தின் பக்கம்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் யாராவது சனிக்கிழமை துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு அன்பாக அழைப்பார்கள். நீங்கள் எச்1பி விசாவில் இருக்கிறீர்கள். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அவர்களுடையதை வாங்கி ஒரு முறை சுட்டுப் பார்ப்பதும் அதில் சிக்கலாம். சனிக்கிழமை கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.